எஞ்சினை அடக்கிய பிறகு

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் நிமிஷம் ஒன்று உண்டு. ஆசிரியர் இறங்கிப் போய்விடும் நிமிஷம்.

1936-ல் லாகூரில், சேலை கட்டிய ஒரு பெண்மணிக்கு அந்த நிமிஷம் வந்தது. சரளா துக்ராலுக்கு அப்போது வயது 21. வீட்டில் நாலு வயதுக் குழந்தை வேறு. ஏறியது ஜிப்ஸி மாத். இரட்டை இறக்கை, மரச்சட்டம், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த இருக்கைகள் இரண்டு. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். பேச்செல்லாம் ஒரு குழாய் வழியே. அதில் குரல் வரும்வரை தைரியத்துக்குக் குறைவில்லை. முன் இருக்கை காலியானால் குழாய் ஊமை. எதிரே வெறும் ஆகாயம்.

அந்நாளில் லைசென்ஸ் பரீட்சைக்கு, இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டுப் போடவேண்டும். பிறகு, உயரத்தில் எஞ்சினை அடக்கிவிட்டு, சறுக்கி வந்து குறித்த இடத்தருகே இறங்கவேண்டும். சரளா தேறினார்.

1939-ல், விமானியான கணவர் விபத்தில் மாண்டார். யுத்தம் வந்தது, சிவில் பயிற்சி நின்றது, விமானத்தையே தொழிலாகக் கொள்ளும் ஆசையும் நின்றது. அவர் லாகூரில் ஓவியம் கற்றார். பின்னால் நகைகளுக்கும் துணிகளுக்கும் வடிவம் தந்து பிழைத்தார். 2008 வரை வாழ்ந்தார்.

எஞ்சின் நின்ற பிறகும், கையிலிருக்கும் உயரத்தைக் கொண்டே பத்திரமாகத் தரை சேரும் வித்தை பரீட்சையோடு முடிந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.