கண்டியில் கேம் கன்சோலும் வெளிச் சேமிப்பகமும்

கேம் கன்சோலின் சேமிப்பகம் தொடக்கத்தில் மிகச் சிறியது. 1994இல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனில் விளையாட்டு குறுந்தட்டிலேயே இருந்தது. ஆடுபவர் எட்டிய கட்டத்தை மட்டும் 128 கிலோபைட் மெமரி கார்டு காத்துவைத்தது. 2001இல் எக்ஸ்பாக்ஸ் 8 ஜிபி ஹார்ட் டிஸ்க்குடனேயே வந்தது. 2013இன் பிளேஸ்டேஷன் 4 முழு விளையாட்டையும் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தது. இட நெருக்கடியும் கூடவே வந்தது. 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கு வெளி டிரைவ் வசதி கிடைத்தது.

2020இன் பிளேஸ்டேஷன் 5இல் உள் எஸ்எஸ்டி எனும் சிப் சேமிப்பகம் விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும். யுஎஸ்பி வழி எஸ்எஸ்டி அதை எட்டாது. அதனால் வெளி டிரைவிலிருந்து பிஎஸ்4 விளையாட்டுகளை மட்டுமே நேரடியாக ஆடலாம். பிஎஸ்5 விளையாட்டுகளை, 2021 ஏப்ரல் முதல், அங்கே வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். ஆட வேண்டுமானால் உள்ளே நகலெடுக்க வேண்டும். பல பத்து ஜிபியை இணையத்தில் மறுபடி இறக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வெறும் கிடங்காகப் பயன்படுத்துபவர் அதிவேக எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. நீர்மின்சாரம் தரும் விக்டோரியா அணை தன் மாவட்டத்திலேயே இருந்தும் கண்டி இருளில் கிடந்தது. மின்வெட்டு டிரைவுக்கும் ஆபத்து. சுழலும் தட்டு இல்லாததால் எஸ்எஸ்டி அதிர்வைத் தாங்கும். ஆனால் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அதிலுள்ள கோப்பும் பழுதாகலாம். மின்சாரம் திரும்பியதும் திரையில் முதலில் தெரிவது சேமிப்பகத்தைச் சரிபார்க்கும் அறிவிப்பு. இங்கே டிரைவுடன், மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குவதே சரி.