சயனைட் மேட்டோரம் ஒரு கல்லைத் தேடி

நான் பிறந்தது ஆண்டர்சன்பேட்டையில். தாத்தா வட ஆர்க்காட்டுச் செங்கம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தவர். அப்பா சாம்பியன் சுரங்கத்தில் இறங்கியவர். நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன். தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மூன்று வரிதான் வரலாறு. சென்ற ஆண்டு பேரனை அழைத்துக்கொண்டு மாரிகுப்பம் ரயிலில் ஊருக்குப் போனேன். சினிமா பார்த்ததிலிருந்து "கே.ஜி.எஃப். காட்டு தாத்தா" என்று நச்சரிப்பு. லைன் வீடுகளைத் தாண்டிச் சயனைட் மேட்டோரம் நடந்தபோது கேட்டான்: "இங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு போர்டுகூட கண்ணுல படலையே?"

போர்டுக்குரிய பெருமை பாறைக்குக் கிடைத்திருக்கிறது. எரிமலைக் குழம்பு நீருக்கடியில் தலையணை வடிவில் உறைந்த, ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள பெத்தபள்ளிப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்திலும் கல்லுக்குக் குறைவில்லை; கார்ன்வாலிலிருந்து கடல் கடந்து வந்த சுரங்கக்காரர்கள் அங்கே உறங்குகிறார்கள். மைசூர் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனுக்கு ஒரு பேட்டையே உண்டு. எட்கர், கிஃபோர்டு என்று ஷாஃப்டுகளும் துரைமார் பெயரைத்தான் சுமந்தன. மண்ணுக்குள் இறங்கியவன் பெயர் எங்கே?

1802-இல் லெப்டினென்ட் ஜான் வாரன் நில அளவைக்காக வந்தபோது, உரிகம், மாரிகுப்பம் ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்துக் காட்டினார்கள். அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அயர்லாந்துக்காரரான லாவெல் 1871-இல் மாட்டுவண்டி ஏறி வந்தார். 1875-இல் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளியில் கேட்டால் நாங்கள் லாவெல் என்போம். மார்க்கும் போடுவார்கள்!

தமிழர் இங்கே நேற்று வந்தவரும் அல்லர். பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் உள்ள 1,347 கல்வெட்டுகளில் 422 தமிழில் அமைந்தவை. கோலாரம்மா கோயிலிலேயே சோழர் காலத் தமிழ் எழுத்தைக் காணலாம்.

எங்கள் தாத்தா புறப்பட்டு வந்த செங்கம் வட்டாரமோ நடுகற்களின் நாடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் எனக்கு மிகவும் பிடித்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் இறந்துபட, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அதில் உருவம் உண்டு; கோவிவன் என்ற பெயரும் உண்டு. அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், தொட்டால் சுடும் பாறைக்கு நடுவே வேலை செய்தார்கள். பாறை வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். வீட்டுப் பாத்திரம் குலுங்கினால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். தெருவே வாசலில் நிற்கும். ஏர் பிளாஸ்டுக்குத் தப்பியவனைத் தூசி பிடித்தது. சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1947-இல் அறிவிக்கப்பட்டதே கோலார்த் தொழிலாளரிடம்தான்.

1930-இல் கைரேகை பதிய வேண்டுமென்று கம்பெனி கட்டளையிட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெயரைப் பொறிக்க ஒரு கல் தராத இடம், கட்டைவிரலை மட்டும் கேட்டது.

1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதலில் இங்கேதான் வந்தது. பெங்களூருக்கு விளக்கு வந்ததோ 1905-இல். இன்று பெங்களூரில் குடியிருக்கும் நம்மவர் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

மிஞ்சியது சயனைட் மேடுதான். எங்களுக்கு அதுதான் மைல்கல். ரயிலில் அது தெரிந்ததும் மூட்டையை இறக்குவோம். 2024-இல் 13 கழிவு மேடுகளிலிருந்து மறுபடி பொன் பிரிக்கக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. வேலை கிடைத்தால் நல்லதுதான், வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மேடும் கரைந்தபின் பேரனுக்கு எதைக் காட்டுவது?

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு நோட்டு வாங்கினேன். எங்கள் லைனில் யார் வீட்டு ஆள் எந்த ஷாஃப்டில் இறங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த வருஷம் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். இதுவரை 19 பெயர் சேர்ந்திருக்கிறது. பெங்களூரிலும் ஓசூரிலும் உள்ள தங்கவயல் குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெரியவர் பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பினால் அதையும் சேர்த்துக்கொள்வேன்.