சார்லஸ் ஆஸ்டின்

சார்லஸ் ஜான் ஆஸ்டின் (23 ஜூன் 1779 – 7 அக்டோபர் 1852) பிரித்தானிய அரச கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பி. இவரது கல்லறை இலங்கையின் திருகோணமலையில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டுக் கடற்படை அதிகாரி ஒருவரின் உயர்வு, திறமையோடு போரையும் பணிமூப்பையும் எவ்வளவு சார்ந்திருந்தது என்பதை இவரது வாழ்க்கை காட்டுகிறது.

போர்க்காலம்

1791இல், 12 வயதில், போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பிரான்சுடன் போர் மூண்டிருந்ததால் 18 வயதிலேயே லெப்டினன்ட் ஆனார். அக்காலத்தில் கைப்பற்றப்படும் எதிரிக் கப்பலின் மதிப்பில் மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பங்கு இருந்தது. 1801இல் அப்படிக் கிடைத்த பணத்தில் தம் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலிகளும் புஷ்பராகச் சிலுவைகளும் வாங்கினார். 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' (1814) நாவலில் கடற்படையிலிருக்கும் அண்ணன் தங்கைக்குச் சிலுவை பரிசளிப்பதற்கு இதுவே தூண்டுதல் என்பர். 1810இல் கேப்டனாக உயர்ந்தார்.

அமைதிக்காலம்

நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்ததும் பெரும்பாலான கப்பல்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. 1816இல் இவரது 'பீனிக்ஸ்' கப்பல் துருக்கிக் கரையருகே மூழ்கியது. இராணுவ நீதிமன்றம் இவரைக் குற்றமற்றவர் என்றது. ஆயினும் அடுத்த கப்பலுக்குப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார். 1826இல் 'அரோரா' கிடைத்தது. அதில் மேற்கிந்தியக் கடலில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். கேப்டன்கள் பணிமூப்பு வரிசைப்படியே அட்மிரல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதால், 36 ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் ரியர் அட்மிரல் ஆனார்.

கிழக்கிந்தியப் பணி

1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அக்காலச் சென்னையில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டும். ஆழமும் பாதுகாப்பும் கொண்ட இயற்கைத் துறைமுகமான திருகோணமலை, 1795இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்டது முதல் பிரித்தானியக் கடற்படைக்கு முக்கியத் தளமாக இருந்தது.

1852இல் இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது. வங்காள, சென்னை மாகாணப் படைகள் கடல்வழியே பர்மா சென்றன. ஏப்ரலில் ரங்கூன் வீழ்ந்தது. நோயுற்ற ஆஸ்டின், ஓரளவு தேறியதும் போர்முனைக்குத் திரும்பினார். ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' நீராவிக் கப்பலில் காலராவால் இறந்தார். அப்போது வயது 73. இளமையில் அவரை விரைவாக உயர்த்திய போர், முதுமையில் அவர் உயிரைக் கொண்டது. திருகோணமலை எஸ்பிளனேடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.