சரக்கிலிருந்து மனை மதிப்புக்கு: சியர்ஸ் நிறுவனத்தின் நீண்ட சரிவு

2018 அக்டோபர் 15 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் பிளெய்ன்ஸ் நகரிலுள்ள திவால் நீதிமன்றத்தில் சியர்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம் மனு தாக்கல் செய்தது. அன்றைக்குக் கட்டவேண்டியிருந்த கடன்தொகை 13.4 கோடி டாலர். ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய சில்லறை வணிக நிறுவனமாக இருந்த ஒன்றால் அதைப் புரட்ட முடியவில்லை. இந்த வீழ்ச்சிக்குப் பலரும் சொல்லும் காரணம் இணைய வணிகம், குறிப்பாக அமேசான்.

இந்த விளக்கத்தில் காலக்கணக்கு உதைக்கிறது. அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் சியர்ஸ் தன் முதலிடத்தை வால்மார்ட்டிடமும் கேமார்ட்டிடமும் பறிகொடுத்தது 1990-91இல். அமேசான் தன் தளத்தைத் திறந்து புத்தகம் விற்கத் தொடங்கியது 1995 ஜூலையில். நோயாளி படுக்கையில் விழுந்த பிறகு பிறந்தவன்மீது கொலைப்பழி போடுவது போன்றது இது. அமேசானுக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்பதல்ல. அது கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது.

சியர்ஸ் எதிர்காலத்தைக் காணத் தவறியது என்பதும் பாதி உண்மையே. வீட்டுக்கே சரக்கு அனுப்பும் ஏற்பாடு, கடன் அட்டை, கணினிவழிக் கடை ஆகிய மூன்றும் 1990இல் அதன் கையில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி இலாபக் கணக்காகப் பார்க்கப்பட்டு, மூடப்பட்டது அல்லது விற்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தபாலில் வந்த கடை

1886இல் மின்னசோட்டா மாநிலத்தின் நார்த் ரெட்வுட் என்ற சிற்றூரில் ரிச்சர்ட் சியர்ஸ் ரயில் நிலைய முகவராக இருந்தார். உள்ளூர் நகைக்கடைக்காரர் ஏற்க மறுத்த பைக்கடிகாரப் பொதி ஒன்றைத் தானே எடுத்து, அதே தடத்திலிருந்த மற்ற நிலைய முகவர்களுக்கு விற்றார். கையில் நாலு காசு நின்றது. மறுவருடம் சிகாகோவுக்குப் பெயர்ந்து, கடிகாரம் பழுது பார்க்கத் தெரிந்த ஆல்வா ரோபக்கை வேலைக்கு அமர்த்திக்கொண்டார். சில ஆண்டுகளில் இருவர் பெயரும் நிறுவனத்தின் பெயராயின. 1895இல் துணி வணிகரான ஜூலியஸ் ரோசன்வால்ட் பங்காளியாக வந்து சேர்ந்தார். சியர்ஸுக்கு விளம்பரம் எழுதும் கை இருந்தது. ரோசன்வால்டுக்குக் கணக்கும் ஒழுங்கும் தெரிந்திருந்தன.

அன்றைய அமெரிக்க விவசாயிக்கு ஊரில் ஒரே கடைதான். அங்கே சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் சரக்கு. அச்சடித்த விலையோடும், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற உறுதியோடும் தபாலில் வந்த கேட்லாக் அந்தப் பிடியைத் தளர்த்தியது. 1896இல் தொடங்கிய கிராமப்புற இலவச அஞ்சல் விநியோகமும் 1913இல் வந்த பார்சல் சேவையும் அரசு போட்டுக்கொடுத்த பாதை. தனியார் சாதனையாகவே சொல்லப்படும் இந்தக் கதையில் அந்தப் பங்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தென்மாநிலங்களில் கேட்லாக்குக்கு இன்னொரு பொருளும் இருந்தது. அங்கே கருப்பினத்தவர் கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும்; என்ன தரம், எவ்வளவு கடன் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். தபாலில் போகும் ஆர்டர் படிவம் வாங்குபவரின் நிறத்தைக் கேட்கவில்லை. இதை நிறுவனத்தின் கொள்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் நோக்கம் விற்பனை மட்டுமே. கொள்கை என்று ஏதாவது இருந்தால் அது ரோசன்வால்டின் சொந்தப் பணத்தில் இருந்தது. புக்கர் டி. வாஷிங்டனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய திட்டத்தால் தென்மாநிலங்களில் கருப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்பின.

சிகாகோவின் ஹோமன் அவென்யூவில் 1906இல் திறக்கப்பட்ட கிடங்கில்தான் இந்த வணிகத்தின் உயிர்நாடி இருந்தது. காலையில் மூட்டை மூட்டையாக வரும் கடிதங்களை எடைபோட்டே அன்றைய ஆர்டர் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நேரம் குறிக்கப்படும். ஒருவர் சட்டையும் உழவுக் கருவியும் தையல் மெஷினும் கேட்டிருந்தால், மூன்று துறைகளும் அந்தக் குறித்த கால் மணி நேரத்துக்குள் தத்தம் பொருளைப் பொதிகட்டும் அறைக்கு அனுப்பியாக வேண்டும். பிந்திய பொருள் தனியாகப் போகும். கூடுதல் செலவு பிந்திய துறையின் தலையில் விழும். துறைகளுக்குத் தனிக்கணக்கு அன்றும் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு, எல்லாத் துறைகளும் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே பொதியைக் கட்டி அனுப்பவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. இந்தக் கணக்குமுறையின் தலைகீழ் வடிவத்தை நூறு ஆண்டு கழித்து இதே நிறுவனத்தில் பார்க்கப்போகிறோம்.

தன்னைத் தானே மாற்றிக்கொண்ட காலம்

1924இல் போட்டி நிறுவனமான மான்ட்கோமரி வார்டிலிருந்து வந்து சேர்ந்த ராபர்ட் வுட் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. பனாமா கால்வாய்ப் பணியில் இருந்தபோது அரசு வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பை விரும்பிப் படித்தவர். மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள், கார் வாங்குகிறார்கள் என்பது அவருக்கு அந்த எண்களில் தெரிந்தது. 1925இல் சிகாகோ கிடங்கு வளாகத்திலேயே முதல் கடை திறந்தது. 1931இல் கடைகளின் விற்பனை கேட்லாக் விற்பனையைத் தாண்டிவிட்டது. கார் வைத்திருப்போருக்குத் தபால் வழியாகக் காப்பீடு விற்க ஆல்ஸ்டேட் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வாடிக்கையாளர் இடம் மாறினால் தானும் மாறவேண்டும் என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் வியாபாரத்துக்குத் தானே போட்டி வைத்த நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வார்டின் தலைவர் சூவெல் ஏவரி, பெருமந்தம் திரும்பி வரும் என்று பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வுட் புறநகர்களில் தாராளமான கார் நிறுத்துமிடங்களோடு கடைகளை எழுப்பித் தள்ளினார். வார்டு அதன்பின் சியர்ஸை எட்டிப் பிடிக்கவே இல்லை. ஆல்பிரெட் சாண்ட்லர் 1962இல் வெளியிட்ட புகழ்பெற்ற நிர்வாக வரலாற்று நூலில் டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் ஆகியவற்றோடு நான்காவது எடுத்துக்காட்டாக வைத்தது சியர்ஸைத்தான்.

அதே 1962இல் வால்மார்ட், கேமார்ட், டார்கெட் ஆகிய மூன்றும் தத்தம் முதல் கடைகளைத் திறந்தன.

கோபுரமும் பங்குச்சந்தையும்

1973இல் சிகாகோவில் 110 மாடி, 442 மீட்டர் உயரத்தில் சியர்ஸ் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கட்டமைப்புப் பொறியாளர் டாக்காவில் படித்து வளர்ந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். கால் நூற்றாண்டுக்கு அதுவே உலகின் மிக உயர்ந்த கட்டடம். அந்தக் காலத்தில் சியர்ஸின் விற்பனை அமெரிக்காவின் மொத்த தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். கென்மோர் வாஷிங் மெஷின், கிராப்ட்ஸ்மேன் ஸ்பேனர், டைஹார்ட் பேட்டரி என்று அதன் சொந்தப் பெயர்கள் வீட்டுக்கு வீடு இருந்தன.

உள்ளே நிலைமை வேறு. சிகாகோவில் உட்கார்ந்து சரக்கு கொள்முதல் செய்பவர்கள் ஒருபுறம். விற்பனை மண்டலங்களைக் குறுநில மன்னர்கள் போல ஆண்ட துணைத்தலைவர்கள் மறுபுறம். எந்தச் சரக்கை, எந்த விலைக்கு விற்பது என்பதில் இரு தரப்புக்கும் ஓயாத இழுபறி. டொனால்ட் காட்ஸ் 1987இல் எழுதிய ‘தி பிக் ஸ்டோர்’ நூல் இந்த உட்பூசலை விரிவாகவே பதிவு செய்கிறது. சலுகைவிலைக் கடைகள் கீழிருந்து அரிக்கத் தொடங்கியபோது பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1978இல் தலைவரான எட்வர்ட் டெல்லிங் கண்ட தீர்வு கடைக்கு வெளியே இருந்தது. 1981இல் டீன் விட்டர் என்ற பங்குத்தரகு நிறுவனமும் கோல்டுவெல் பேங்கர் என்ற வீட்டுமனைத் தரகு நிறுவனமும் வாங்கப்பட்டன. வாஷிங் மெஷின் வாங்க வந்தவர் அப்படியே பங்கும் வீடும் வாங்கிப் போகலாம் என்பது திட்டம். காலுறை விற்கும் இடத்தில் பங்கு விற்கிறார்கள் என்று பத்திரிகைகள் நையாண்டி செய்தன. ஆனால் 1985இல் வந்த டிஸ்கவர் அட்டை உண்மையான வெற்றி. அந்த வெற்றி கடையைப் பதம் பார்த்தது என்பதுதான் விசித்திரம். சொந்த அட்டைகளின் வட்டி வருமானம் குறையக் கூடாது என்பதற்காக, 1993 வரை சியர்ஸ் கடைகளில் விசாவோ மாஸ்டர்கார்டோ செல்லாது. பணம் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிய கடை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

ஐபிஎம்மோடும் சிபிஎஸ்ஸோடும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கூட்டு முயற்சி, பிறகு சிபிஎஸ் விலகிக்கொள்ள, பிராடிஜி என்ற பெயரில் வெளிவந்தது. தொலைபேசி இணைப்புள்ள வீட்டுக் கணினியில் செய்தி படிக்கலாம், பொருள் வாங்கலாம். ஆக 1990இல் நாடு முழுக்கச் சரக்கு அனுப்பும் கேட்லாக் பிரிவு, கோடிக்கணக்கானோர் கையில் கடன் அட்டை, கணினியில் கடைத்தெரு ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. அவற்றை ஒரே பொதியாகக் கட்டும் ஹோமன் அவென்யூ அறை மட்டும் இல்லை.

1989: நாற்பத்திரண்டு மணி நேரம்

கடைகளைக் காப்பாற்ற எடுத்த பெருமுயற்சி ஒன்றைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1989 பிப்ரவரி இறுதியில் சியர்ஸ் தன் 800க்கும் மேற்பட்ட கடைகளை 42 மணி நேரம் மூடியது. ஊழியர்கள் உள்ளே இருந்து சுமார் 50,000 வகைப் பொருள்களுக்குப் புதிய விலைச்சீட்டு ஒட்டினார்கள். இனி அடிக்கடி தள்ளுபடி கிடையாது, எந்நாளும் குறைந்த விலைதான் என்று அறிவிப்பு வந்தது. முதல் சில வாரம் கூட்டம் அலைமோதியது; பிறகு வடிந்துவிட்டது.

காரணம் எளிது. ஒரு டாலர் விற்பனைக்கு சியர்ஸின் நிர்வாகச் செலவு ஏறத்தாழ 30 சென்ட்; வால்மார்ட்டுக்கோ அதில் சுமார் பாதிதான். இந்த இடைவெளியை விலைச்சீட்டு மாற்றி மூட முடியாது. வால்மார்ட் தன் கிடங்கு, லாரி, கணினி எல்லாவற்றையும் குறைந்த விலைக்காகவே அமைத்துக்கொண்டது. சியர்ஸ் மாற்றியது சீட்டை மட்டும்.

1992இல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. கலிபோர்னியாவின் நுகர்வோர் விவகாரத் துறை, தேவையில்லாத வாகனப் பழுதுகளைச் செய்து பணம் கறந்ததாக சியர்ஸ் வாகனப் பட்டறைகள்மீது குற்றஞ்சாட்டியது. ஊழியர்களுக்கு வைத்த கமிஷனும் இலக்கும்தான் அதற்குத் தூண்டுகோல் என்பது வெளிவந்தது. பங்குதாரர் உரிமைக்காகப் போராடிய ராபர்ட் மாங்க்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இயக்குநர் குழுவையே செயல்படாச் சொத்து என்று சாடினார். ஆண்டு இறுதியில் நட்டம் 390 கோடி டாலர். நிறுவனத்தைப் பிரித்து விற்கும் முடிவு ஏற்கனவே அறிவிக்கப்பட்டிருந்தது.

1993 ஜனவரியில் பெரிய கேட்லாக்கை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. 113 கடைகள் மூடல், 50,000 பேருக்கு வேலையிழப்பு. இந்த முடிவை இன்று கேலி செய்வது சுலபம். ஆண்டுக்கு 330 கோடி டாலர் விற்றும் அந்தப் பிரிவு நட்டத்தில் ஓடியது. அதன் கிடங்குகள் பழையவை. அதை மூடிய சில்லறைப் பிரிவுத் தலைவர் ஆர்தர் மார்டினெஸுக்கு அன்றைய கணக்கேட்டின்படி வேறு வழி இருக்கவில்லை. குறை கணக்கேட்டை எழுதிய விதத்தில் இருந்தது. டிஸ்கவரும் டீன் விட்டரும் 1993இல் பிரிந்தன. ஆல்ஸ்டேட் 1995இல் முழுதாகப் போனது. வணிக வளாகங்கள் கட்டிய ஹோமார்ட் நிறுவனம் அதே ஆண்டிலும், பிராடிஜியின் பங்கு மறுவருடமும் விற்கப்பட்டன. ஒவ்வொரு விற்பனையும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதே.

மார்டினெஸ் காலத்தில் உடைப் பிரிவுக்கு மெருகேறியது, இலாபமும் திரும்பியது. ஆனால் 1990களின் இறுதியில் செயல்பாட்டு இலாபத்தில் பாதிக்கும் மேல் கடைகளின் சொந்தக் கடன் அட்டையிலிருந்தே வந்தது. திவாலானவர்களிடமும் சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் வசூலித்ததற்காக 1999இல் 6 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 2003இல் அந்த அட்டை வணிகத்தையும் சிட்டிகுரூப் வாங்கிக்கொண்டது. எஞ்சியது கடை மட்டும். அதுவும் பத்தாண்டாகச் சரிவரப் புதுப்பிக்காத கடை.

கடை மனையானது

2002இல் திவாலாகி மீண்ட கேமார்ட்டைக் கைப்பற்றியிருந்த முதலீட்டாளர் எட்வர்ட் லாம்பர்ட், 2005 மார்ச்சில் 1,100 கோடி டாலருக்கு சியர்ஸையும் அதனோடு இணைத்தார். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,500 கடைகள். அவற்றின் மனை மதிப்பே பங்குச்சந்தையின் கண்ணில் முதலில் பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனத்தின் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு ஏறத்தாழ 600 கோடி டாலர் போனது. கூரை ஒழுகும் கடைகளுக்கும் மங்கிய தரைகளுக்கும் அந்த அளவில் பணம் வரவில்லை.

2008இல் நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாக உடைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி இலாப நட்டக் கணக்கு. பிரிவுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டால் திறமை வெளிப்படும் என்பது லாம்பர்ட்டின் நம்பிக்கை. நடந்தது வேறு: விளம்பரப் பக்கத்தில் இடம் பிடிக்கவே பிரிவுகள் ஏலம் கேட்டன, கென்மோர் பெயரைப் பயன்படுத்த வீட்டு உபயோகப் பொருள் பிரிவு இன்னொரு பிரிவுக்குப் பணம் கட்டவேண்டியதாயிற்று. 1906இல் துறைகளை ஒரு பொதிக்குள் கொண்டுவந்த தனிக்கணக்கு, இப்போது ஒவ்வொரு துறையையும் மற்றதன் எதிரியாக்கிவிட்டது.

பிறகு விற்பனைதான். 2014இல் லேண்ட்ஸ் எண்ட் என்ற உடைப் பிரிவு தனியே பிரிந்தது. 2015இல் 235 கடைகளின் மனைகள், லாம்பர்ட்டுக்கும் பங்கிருந்த சேரிடேஜ் என்ற நிறுவனத்துக்கு 270 கோடி டாலருக்குக் கைமாறின. சியர்ஸ் தன் கடைகளிலேயே வாடகைக்கு இருந்தது. 2017இல் கிராப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் 90 கோடி டாலருக்கு வாங்கியது. 2006இல் 5,300 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2017இல் 1,670 கோடிக்கு இறங்கியது. லாம்பர்ட் தன் சொந்த நிதியிலிருந்து கடன் கொடுத்துப் பல ஆண்டு ஓட்டினார் என்று அவர் தரப்பினர் சொல்வது உண்மை. அந்தக் கடன்களுக்குச் சொத்து ஈடு இருந்ததும் உண்மை. மனு தாக்கலான நாளில் 687 கடைகளும் சுமார் 68,000 ஊழியர்களும் மிஞ்சியிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் 425 கடைகளை லாம்பர்ட்டின் நிறுவனமே 520 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அவற்றிலும் பெரும்பாலானவை அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

கைமாறிய பிரிவுகளில் ஆல்ஸ்டேட்டும் கோல்டுவெல் பேங்கரும் இன்றும் நடக்கின்றன. டிஸ்கவரை 2025இல் கேப்பிடல் ஒன் வாங்கியது. ஊழியர்களின் கணக்கு வேறுவிதமாக முடிந்தது. 1916இல் ரோசன்வால்ட் காலத்தில் தொடங்கிய இலாபப் பங்கீட்டுத் திட்டத்தின் வழியே நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ கால்வாசி ஒரு கட்டத்தில் ஊழியர்களுக்கே சொந்தமாக இருந்தது. 2019இல் அமெரிக்க அரசின் ஓய்வூதியக் காப்பீட்டுக் கழகம், ஏறத்தாழ 90,000 பேரின் ஓய்வூதியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.