நெடுந்தீவில் எறும்பினங்களை அறியப் புகுவோர் இழைக்கும் தவறுகள்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடல் கடந்து நெடுந்தீவில் கால்வைக்கும் ஒருவரின் பார்வை, முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளிலும் மட்டக்குதிரைகளிலும் பெருக்கமரத்திலும் முதலில் சென்று தங்குவது இயல்பே. அந்த வேலிகளின் இடுக்குகளில் ஊரும் எறும்புகளைக் குனிந்து பார்ப்போர் சிலரே. ஆயினும் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் சிற்றுயிர்களின் பெயரைத் தேடும் ஆர்வம் மாணவரிடையே இன்று வளர்ந்து வருகின்றது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் பெயர் அறியப்படாத எறும்பைக் காட்டிலும் பிழையான பெயர் சூட்டப்பட்ட எறும்பினால் விளையும் தீமை அதிகம் என்பதையும் ஆர்வலர்கள் மனங்கொள்ள வேண்டும்.

உலகில் 14,000க்கும் மேற்பட்ட எறும்பினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய நூல்வரிசையில் 1903ஆம் ஆண்டு பிங்கம் எழுதி வெளிவந்த தொகுதியே இலங்கை எறும்புகளுக்கும் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. பின்னர் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஸ்ரீயானி டயஸும் அவரது குழுவினரும் செய்த ஆய்வுகளின் பயனாக 2020இல் வெளியான பட்டியலில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. இத்தகைய உள்நாட்டுப் பட்டியலை விடுத்து, ஐரோப்பிய அல்லது அமெரிக்க நூலொன்றின் படத்தைப் பார்த்து "இதுதான் அது" என முடிவு செய்வதே பலரின் முதற் தவறு. உள்நாட்டுப் பட்டியலிலும் இடமறிந்து பார்த்தல் வேண்டும். இலங்கைக்கே உரிய தொல்லெறும்பான அனியூரேட்டஸ் சிமோனி ஈரவலயக் காடுகளின் உதிர்ந்த இலைப்படுகையில் வாழ்வது. வரண்ட நெடுந்தீவில் அதைக் கண்டுவிட்டதாக மகிழ்பவர் இன்னொரு முறை பார்ப்பது நலம்.

இரண்டாவது தவறு நிறத்தை நம்புவது. மற்றைய தவறுகளிற் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. மாமரத்து இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறுவை எடுத்துக்கொள்வோம். 1775இல் பப்ரீசியஸ் அதற்கு இட்ட இனப்பெயரான 'ஸ்மரக்டினா' மரகதத்தைக் குறிப்பது. நமது மரங்களில் நாம் காணும் முசுறோ செம்மஞ்சள் நிறத்தது. அதே இனம் அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் பச்சை வயிற்றுடன் காணப்படுகின்றது. நம் நாட்டு முசுறுவின் அரசியும் பச்சை கலந்த நிறமுடையதே. சிறகுடன் விழுந்து கிடக்கும் அந்த அரசியை முசுறு என்று நம்ப மறுத்து வேறோர் இனமாகக் குறித்துக்கொண்டவர் பலர்.

நிறத்துக்குப் பதிலாக நோக்க வேண்டியது இடை. எறும்பின் மார்புக்கும் பருத்த பின்வயிற்றுக்கும் இடையில் ஒன்று அல்லது இரண்டு சிறு கணுக்கள் உள்ளன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை இருந்தால், பக்கவாட்டில் வைத்து அவற்றை எண்ணிவிடலாம். மேலிருந்து எடுத்த படத்தில் கணுக்கள் மறைந்துவிடும். நம்மவர் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்தவையே என்பதுதான் வருத்தம்.

இந்த எண்ணிக்கை வெறும் புத்தகக் கணக்கன்று. மரத்தில் திரியும் செந்நிற எறும்பு யாவும் முசுறு எனக் கொள்பவர் டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா என்னும் எறும்பையும் அக்கணக்கிற் சேர்த்துவிடுவார். அதன் தலையும் பின்வயிறும் கறுப்பு, மார்பு செம்மஞ்சள். நீளம் ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்று அதிகம். இலைக்கூடு கட்டாது, பட்ட மரங்களின் பொந்துகளில் வாழ்ந்து, அடிமரத்தில் பெரும்பாலும் தனித்தனியாக இரை தேடித் திரியும். முசுறுக்கு ஒரு கணு, இதற்கு இரண்டு. முசுறு தாடையாற் கடித்து அமிலத்தைப் பீச்சும். கொட்டுவதற்குக் கொடுக்கு அதனிடம் இல்லை. டெட்ராபொனேராவோ கொடுக்கினாற் குத்தி நஞ்சைச் செலுத்தும். பெரும்பாலோருக்கு அது வலியோடும் வீக்கத்தோடும் போய்விடும். ஆயினும் அதன் கொட்டுக்கு ஆளான சிலருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். முகமும் உதடும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினும் எறும்பின் பெயரை ஆராய்ந்துகொண்டிராமல் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். மேலதிக சிகிச்சைக்குக் கடலைக் கடக்க வேண்டிய தீவொன்றில் "முசுறுதானே கடித்தது" என்ற அலட்சியம் உயிருக்கே உலையாகலாம். ஒருமுறை அவ்வாறு பாதிக்கப்பட்டவர், கொட்டிய எறும்பு எதுவென்பதை அறிந்து வைத்திருப்பது பின்னர் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

முசுறுவுடன் குழப்பப்படும் மற்றொன்று மஞ்சள் பைத்திய எறும்பு. விலங்கியலில் அனோப்லோலெப்பிஸ் கிராசிலிப்பெஸ் எனப்படும் இது இலங்கையிலும் பதிவாகியுள்ளது. மெலிந்த உடல், நீண்ட கால்கள், மஞ்சள் நிறம் ஆகியவற்றால் முதற்பார்வையில் முசுறுவையே ஒக்கும். கணுவும் ஒன்றுதான். ஆனால் முசுறுவின் கணு நீண்டு தாழ்ந்திருக்க, இதன் கணு மேல்நோக்கி எழும்பி நிற்கும். முசுறுக் கூட்டத்தில் பெரியனவும் சிறியனவுமாக இருவகை வேலையாட்கள் உண்டு. இவை எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவினவாய், நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் நீளத்துடன், திசையின்றி அங்குமிங்கும் ஓடுவன. கூடு நிலத்திலும் கல்லிடுக்குகளிலும் இருக்கும். கல்வேலி நிறைந்த ஊருக்கு இது கவனிக்கத்தக்க செய்தி.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தை அண்டிய கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் இவ்வெறும்பு பெருகி, கால்நடைகளின் கண்களைத் தாக்குவதாகவும் பயிரைப் பாதிப்பதாகவும் 2022இல் மக்கள் முறையிட்டதை வாசகர்கள் படித்திருக்கக்கூடும். இந்து சமுத்திரத்தின் கிறிஸ்மஸ் தீவில் இதே எறும்பு மில்லியன் கணக்கான செந்நண்டுகளை அழித்தது. மறுபுறம், முசுறு தோட்டக்காரரின் நண்பன். சீனர்கள் தோடை மரங்களின் பூச்சிகளைக் கட்டுப்படுத்த அதன் கூடுகளை வாங்கித் தொங்கவிட்டமை கி.பி. 304ஐச் சேர்ந்த நூலொன்றிலேயே குறிக்கப்பட்டுள்ளது. பைத்திய எறும்பு வந்துவிட்டதென அஞ்சி முசுறுக் கூட்டை எரிப்பவரும், முசுறுதான் என்று பைத்திய எறும்பைப் பெருகவிடுபவரும் ஒரே தவறின் இரு பக்கங்களிலும் நிற்பவர்களே.

அடுத்து, ஒரே கூட்டத்தை இரண்டு இனங்களாக எண்ணும் தவறு. நெருப்பெறும்பின் வரிசையில் சிறிய தலையுடையவற்றோடு பெரிய, சதுரமான தலை கொண்டவையும் செல்லும். அவை வேற்றினமல்ல, விதைகளை உடைக்கும் உடன்பிறப்புகள். நம் நாட்டில் பரவலாகக் காணப்படுவது சொலெனோப்சிஸ் ஜெமினாட்டா. இணையத்தில் அதிகம் பேசப்படும் சொலெனோப்சிஸ் இன்விக்டா அன்று. இரண்டும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. ஜெமினாட்டா 16ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களின் வழியாக ஆசியாவை அடைந்தது என மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. அரிசி மூடையும் மரமும் மண்ணும் படகேறும்போது எறும்பும் கூடவே ஏறும். ஆகவே தீவில் கண்ட எறும்பெல்லாம் தீவுக்கே உரியது எனக் கொள்வதும் தவறாகும்.

மாரிமழை தொடங்கியதும் விளக்கைச் சுற்றி மொய்க்கும் சிறகுப் பூச்சிகளை எறும்பென்று ஒதுக்கிவிடுவது வீட்டுக்காரருக்கு இழப்பைத் தரும் தவறு. ஈசல் கறையானின் சிறகுப் பருவம். கறையானோ எறும்புக் குடும்பமே அன்று, கரப்பானுக்கு உறவு. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே அளவின, இடை ஒடுங்காது, உணர்கொம்பு மணிகோத்தது போல நேராக இருக்கும். சிறகெறும்பின் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது, இடை ஒடுங்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடியும். வீட்டுக்குள்ளேயே சிறகுகள் குவிந்து கிடக்கக் கண்டால் வளைகளையும் மரநிலைகளையும் தட்டிப் பார்ப்பது நன்று.

எறும்பைப் போலவே நடித்து வாழும் சிலந்தியும் உண்டு. முசுறுவைப் பாவனை செய்யும் ஒரு குதிக்கும் சிலந்தி 1869இல் இலங்கையிலிருந்தே முதன்முதல் விவரிக்கப்பட்டது. முன்கால் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்புபோல ஆட்டும். இக்கட்டுரையாளரும் ஒருமுறை அதனைப் போத்தலில் அடைத்து, முசுறு எனச் சீட்டெழுதி ஒட்டி, இரண்டு நாட்களின் பின்னரே கால்களை எண்ணியவர். எறும்புக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு.

ஊர்ப்பெயர்களை விலங்கியற் பெயர்களுடன் ஒன்றுக்கொன்றாகப் பொருத்துவதும் பிழையே. பிள்ளையார் எறும்பு என்பது கடிக்காத சிறு கறுப்பெறும்புகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். கட்டெறும்பு என்ற பெயருக்குள் கொடுக்கில்லாத கம்பொனோட்டஸ் சாதியும், கொடுக்குள்ள டயகம்மா சாதியும் அடங்கும். உடலில் கைரேகை போன்ற நுண்வரிகளைக் காண்பீராயின் அது டயகம்மா, விரலை விலக்கிக்கொள்க. இதனால் ஊர்ப்பெயர்கள் பயனற்றவை என்றாகாது. எது கடிக்கும், எது கடிக்காது என்னும் பயனுள்ள வகுப்பு அவற்றில் உண்டு. எறும்பை உற்றுநோக்குவது நம் இரு சமூகத்தவருக்கும் புதிதன்று. திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையே தாங்கியுள்ளது.

தொடங்குபவருக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. கைவில்லை, வெள்ளைத்தாள், 70 சதவீத மதுசாரம் கொண்ட சிறு போத்தல், பென்சில் ஆகியவை போதும். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். ஓர் எறும்புக்குப் பக்கவாட்டுப் படம், முகத்தின் நேர்ப்படம், மேற்படம் என மூன்று எடுத்தல் வேண்டும். கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுக்காமல், பெரிதிலும் சிறிதிலும் சிலவற்றை எடுத்தால் முன்னர் கூறிய தலைக்குழப்பம் தீரும். படத்தைக் கொண்டு இனம் வரை செல்ல முடியாதபோது சாதிப்பெயரோடு நிறுத்திக்கொள்வது இழுக்கன்று; துறைபோந்தோரும் அவ்வாறே செய்கின்றனர். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எறும்பாயினும் எடுத்தல் ஆகாது. அங்கு படம் மட்டுமே. வெளியே எடுத்தவற்றின் சீட்டில் இடம், திகதி, கண்ட சூழல், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் அன்றே எழுதப்பட வேண்டும். "நெடுந்தீவு" என்று மட்டும் எழுதாமல், கல்வேலியின் இடுக்கிலா, பனையின் அடியிலா, படகிலிருந்து இறக்கிய மூடையிலா என்பதையும் குறித்துவிட்டால், பெயர் பிழைத்துப் போயிருந்தாலும் பின்னொருநாள் அதைத் திருத்துபவருக்கு அந்தச் சீட்டு உதவும்.