குற்றமா, நோயா? ஜேர்மனியின் நோய்க் காப்புறுதியும் குடிநோய்ச் சிகிச்சையும்

பொதுப் பணத்தில் நடைபெறும் நோய்க் காப்புறுதித் திட்டம் ஒவ்வொன்றும் இரண்டு வினாக்களுக்கு விடை கூறியாதல் வேண்டும். எது நோய் என்பது ஒன்று. அந்நோய்க்கான செலவை ஏற்க வேண்டியவர் யாவர் என்பது மற்றொன்று. காய்ச்சலிலும் எலும்பு முறிவிலும் இவ்வினாக்கள் எளிதில் தீர்ந்துவிடுகின்றன. மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையானவனின் நிலையில், ‘அவன் தானே தேடிக்கொண்டதன்றோ?’ என்னும் மூன்றாவது வினா முன்வந்து நின்று ஏனைய இரண்டையும் மறைத்துவிடுகின்றது. நாடளாவிய கட்டாய நோய்க் காப்புறுதியை உலகில் முதன்முதலாக நிறுவிய ஜேர்மனியில், குடிநோயைக் காப்புறுதிச் சட்டத்தின் பொருளில் நோயெனத் திட்டவட்டமாக ஏற்பதற்கு 85 ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தின் காரணங்களை ஆராய்வது பயனுடையது.

1883ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி பிஸ்மார்க்கின் ஆட்சியில் தொழிலாளர் நோய்க் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 1878இல் சமதர்ம இயக்கத்தைச் சட்டத்தால் ஒடுக்க முற்பட்ட அரசு, மறுகையால் தொழிலாளரைத் தன்பால் ஈர்க்க முயன்றதன் விளைவே இதுவெனலாம். சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளிமாரும் செலுத்தினர். நோயுற்றவர்க்கு 13 வாரங்கள் வரை வைத்தியமும், வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு நோய்க்காலக் கொடுப்பனவும் உரியனவாயின. ஆயின் அச்சட்டத்திலேயே ஒரு விலக்கும் இடம்பெற்றது. வேண்டுமென்றே தேடிக்கொண்ட நோய்கள், கைகலப்பில் குற்றமுறப் பங்குகொண்டதால் நேர்ந்தவை, குடிப்பழக்கத்தாலும் பாலொழுக்கக் கேட்டாலும் விளைந்தவை ஆகியவற்றுக்குக் கொடுப்பனவை முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்க இடமளிக்கப்பட்டது.

இவ்விலக்கு வைத்தியரை மறுக்கவில்லை. ஊதியமிழந்த காலத்தின் உணவையே மறுத்தது. தண்டனை குடித்தவனோடு நில்லாது அவனை நம்பியிருந்த மனைவி மக்களையும் சென்றடைந்தது. எனினும் இதனை ஆள்வோரின் கொடுமையாக மட்டுங் கொள்வது பொருந்தாது. சட்டத்துக்கு முன்னரே தொழிலாளரிடையும் கைவினைஞரிடையும் நிலவிய உதவி நிதியங்கள் இத்தகைய ஒழுக்க விதிகளைக் கொண்டிருந்தன. சிறிய நிதியத்தில் ஒருவன் பெறும் பணம் அடுத்தவனின் சந்தாவாகும். ஆகவே, உழைப்பவனின் காசு குடிப்பவனுக்குச் செல்லலாகாது என்னும் எண்ணம் உறுப்பினரிடமிருந்தே எழுந்தது. காப்புறுதிக்கு அடிப்படையான கூட்டொருமை உணர்வே அதற்கு எல்லையும் வகுத்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

குடியருக்கான சிகிச்சை அக்காலத்திற் பெரும்பாலும் சமயச் சார்பான அறப்பணியாக இருந்தது. டுசல்டோர்ஃப் நகருக்கு அண்மையிலுள்ள லின்ரோர்ஃபில் 1851இல் புரட்டஸ்தாந்தினர் நிறுவிய குடியர் இல்லம் இத்துறையில் முன்னோடியாகும். சட்டமோ குடியனைக் கட்டுப்படுத்த வேண்டியவனாகவே நோக்கியது. 1900இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவை, குடிவெறியரின் சட்டத் தகைமையைப் பறித்து அவரைப் பாதுகாவலரின்கீழ் வைக்க இடமளித்தது. 1911ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டக்கோவை அத்தகையோர்க்குப் பணத்துக்குப் பதிலாகப் பொருளாக உதவி வழங்கலாம் என்றது.

இக்காலத்திலேயே வேறொரு வாயிலும் திறந்தது. 1889இல் முதுமை, இயலாமைக் காப்புறுதி தொடங்கப்பட்டது. இயலாமை நேராது தடுக்கும் பொருட்டுச் சிகிச்சைச் செலவை ஏற்கும் அதிகாரம் அதனை நடத்திய நிறுவனங்களுக்கு இருந்தது. அவற்றுட் சில முதலாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னரே குடியரைச் சிகிச்சை இல்லங்களுக்கு அனுப்பின. வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் அளிப்பதிலும் சில மாதச் சிகிச்சை மலிவானது என்னும் கணக்கே இதற்கு அடிப்படை. அறநூல் தயங்கிய இடத்திற் கணக்கேடு முந்திக்கொண்டது.

ஆனால் மனிதரைச் செலவுக் கணக்கால் அளக்கும் நோக்கு கருணைக்கே இட்டுச்செல்லும் என்பதற்கு உறுதியில்லை. 1933ஆம் ஆண்டு யூலை 14ஆம் திகதி நாசி அரசு இயற்றிய பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டம், கடுமையான குடிப்பழக்கம் உடையோரையும் கட்டாயக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தலாம் என்றது. குடியனைச் சமுதாயத்தின் சுமையாகக் கண்ட எண்ணம் இங்கு தன் கோர உருவைக் காட்டியது. நோய் என்னும் சொல் தன்னளவில் ஒருவரைக் காப்பதில்லை; அச்சொல்லோடு உரிமையும் இணைதல் வேண்டும் என்பதே இக்காலம் விட்டுச்சென்ற பாடமாகும்.

அவ்விணைப்பை ஏற்படுத்தியது மேற்கு ஜேர்மனியின் சமஷ்டிச் சமூக நீதிமன்றம் 1968ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி வழங்கிய தீர்ப்பாகும். அதற்கு முன்னர் குடியால் ஈரல் கெட்டால் அது நோய். குடிக்கு அடிமையாயிருத்தல் நோயன்று என்பதே பெருவழக்கு. மருத்துவச் சிகிச்சையை வேண்டிநிற்கும் உடலின் அல்லது உள்ளத்தின் முறைதிறம்பிய நிலையே நோய் என்னும் வரைவிலக்கணத்தை நீதிமன்றம் குடிநோய்க்கும் பொருத்திப் பார்த்தது. தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழத்தல், தொடங்கியபின் நிறுத்த இயலாமை ஆகியவையே அந்நோயின் இயல்பெனக் கொண்டது. உறுப்புகள் பழுதடையும் வரை காத்திருக்கவேண்டிய நிலை இதனால் நீங்கியது. சிகிச்சை அறக்கொடையாக இருந்த நிலை மாறி, காப்புறுதி செய்தோரின் உரிமையாயிற்று.

மூன்றாவது வினா ஓய்ந்ததும் இரண்டாவது வினா மேலெழுந்தது. செலவை ஏற்பவர் நோய்க் காப்புறுதி நிதியமா, ஓய்வூதியக் காப்புறுதியா? 1978ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி இரு சாராரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். உடலிலிருந்து மதுவின் நஞ்சை அகற்றும் குறுகியகாலச் சிகிச்சை நோய்க் காப்புறுதிக்குரியது. பழக்கத்திலிருந்து விடுவித்து வேலைக்கு மீள வைக்கும் நீண்டகாலப் புனர்வாழ்வு, பொதுவாக, ஓய்வூதியக் காப்புறுதிக்குரியது. இதனால் பணத் தகராறு தணிந்தது. ஆனால் ஒரே நோயாளியின் சிகிச்சை இரு அலுவலகங்களுக்கிடையே பிளவுண்டது. முதற் சிகிச்சை முடிந்து அடுத்ததற்கான அனுமதியை எதிர்நோக்கியிருக்கும் இடைக்காலமே, மீண்டும் குடிக்குத் திரும்பும் ஆபத்து மிகுந்த காலமாகும்.

போதைப் பொருள் விடயத்திலும் பழைய தயக்கமே தொடர்ந்தது. ஹெரோயினுக்கு அடிமையானோர்க்கு மெதடோன் வழங்கும் செலவை 1991 முதல் நிதியங்கள் ஏற்றபோதிலும், கடும் நோய், கர்ப்பம் போன்ற வேறு காரணங்களும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அடிமைநிலையே போதிய காரணமென 2003இலேதான் ஏற்கப்பட்டது. ஏனைய சிகிச்சைகளாற் பயன்பெறாத நீண்டகால நோயாளர்க்கு, மருத்துவ மேற்பார்வையில் ஹெரோயினையே மருந்தாக வழங்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஏழு நகரங்களில் நடந்த பரீட்சார்த்த ஆய்வே அதற்குச் சான்றாயிற்று.

குற்றம் பற்றிய வினா முற்றாக மறைந்துவிட்டதெனல் மிகையாகும். பச்சை குத்துதல், அழகுக்கான சத்திரசிகிச்சை முதலியவற்றால் நேரும் நோய்களின் செலவில் நோயாளரும் பங்கேற்க வேண்டுமென 2007 முதலான சட்டத் திருத்தங்கள் விதித்தன. ஆயினும் குடிநோயைப் பொறுத்தவரை மாற்றம் ஆழமானது. இருமுறை சிகிச்சை பெற்றும் மீண்டும் குடித்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தொழிலாளி ஒருவரின் வழக்கில், 2015ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி சமஷ்டித் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் குடித்தது அவருடைய குற்றமே என வாதிட்டது அவருடைய முதலாளித் தரப்பு. குற்றமில்லை, நோய்க்கால ஊதியம் அவருக்கு உரியதே என வழக்குத் தொடுத்தது நோய்க் காப்புறுதி நிதியம். தான் வழங்கிய கொடுப்பனவை மீளப்பெறுவதே அதன் நோக்கமாயினும், நீதிமன்றம் அதன் பக்கமே நின்றது. 1883இல் குடியனின் குற்றத்தைக் காட்டி உணவை மறுக்க அதிகாரம் பெற்றிருந்த நிறுவனம், 132 ஆண்டுகளின் பின்னர் அதே மனிதன் குற்றமற்றவன் எனச் சாதிக்க நேர்ந்தது. நோயாளி மாறவில்லை, அவனுக்குப் பணம் செலுத்தும் சமுதாயம் அவனை நோக்கும் நோக்கே மாறியது.