வைகைக் கழிமுகமும் திரையில் வந்த போரும்

வருசநாட்டு மலையில் பிறந்து மதுரையைத் தாண்டி வரும் வைகையின் நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே கடலில் சேரும். அந்தக் கழிமுகத்தை ஒட்டியிருப்பது அழகன்குளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 முதல் அங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள பானை ஓடுகள், மது வந்த உரோமச் சாடிகளின் துண்டுகள், உரோமக் காசுகள், பெரிய கப்பல் ஒன்றின் உருவம் கீறிய ஓடு ஆகியவை கிடைத்தன. வைகை நாகரிகம் என்றால் இன்று எல்லோரும் கீழடியைச் சொல்கிறோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு அந்த ஊருக்கு உலகப் புகழ் தந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆற்றுவெளிக்குக் கடல்வாசலாக இருந்தது நம் இராமநாதபுரக் கரை.

எதிர்க்கரையான இலங்கையிலும் ஓர் ஆறு உண்டு. அநுராதபுரத்தை வளர்த்த மல்வத்து ஓயாவைத் தமிழர் அருவி ஆறு என்பர். அது மன்னாருக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அந்தக் கரையில்தான் மாந்தைத் துறைமுகம் இருந்தது. உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளி வரிகள் ஓடும் 'ரௌலட்டட்' மட்கல ஓடுகள் அழகன்குளத்திலும் கிடைத்தன, மாந்தையிலும் கிடைத்தன. பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் மாந்தையில்தான் உள்ளது. சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே அக்கோயிலைப் பாடினார் என்பது மரபு.

மாந்தையில் 1980இல் தொடங்கிய அகழாய்வு 1984இல் உள்நாட்டுப் போரால் நின்றது. அதன் முழு அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. குழிகளை அப்படியே விட்டு ஆய்வாளர் வெளியேறிய அதே காலத்தில்தான், மன்னார்க் கரையிலிருந்து மக்கள் படகேறி இராமேசுவரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடம் தந்த மண்டபம் முகாமோ, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்துச் சோதிக்க வெள்ளையர் காலத்தில் அமைத்தது. போனவர்களின் முகாமே வந்தவர்களின் முகாமானது.

தமிழ்த் திரைப்படம் இந்தக் கரையைக் கண்டது இந்த அகதிகளின் வழியாகத்தான். பாலாவின் 'நந்தா' (2001), செல்வத்தின் 'ராமேஸ்வரம்' (2007) இரண்டிலும் கடல் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வரும் வழி. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஒருபடி மேலே நிற்கிறது. அதில் முகாமில் பிள்ளை பெற்ற ஷியாமா, குழந்தையை இங்கே விட்டுவிட்டுத் திரும்பிக் கடல் கடக்கிறாள். போக்கும் வரத்தும் உள்ள நீராக நம் கடலை அந்த ஒரு படம்தான் காட்டியது. அதற்கு ஆறு தேசிய விருதுகள் கிடைத்ததைவிட எனக்கு இதுவே பெரிது.

அதைவிட ஆழமாகச் சென்றவர் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே. அவருடைய 'புரஹந்த களுவர' (1997), ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த வறண்ட நாட்டுக் கிராமத்தில் நடக்கிறது. குளம் வற்றிக் கிடக்கிறது. படைவீரனான மகனின் சவப்பெட்டி முத்திரையோடு வருகிறது. கண் தெரியாத தந்தை அவன் இறந்ததை ஏற்க மறுக்கிறார். புதைகுழியைத் தோண்டும்போது பெட்டியில் உடல் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு நீர்நாகரிகத்தின் மடியில் போர் என்ன செய்தது என்பதை ஒரு குளத்தையும் ஒரு குழியையும் வைத்தே விதானகே சொல்லிவிட்டார். இலங்கை அரசு 2000இல் அந்தப் படத்தைத் தடுத்து வைத்தது.

நம் படங்களில் இந்த வரலாற்று ஆழம் இல்லை என்பது என் கவலை. அவற்றைப் பார்ப்பவருக்கு இந்தக் கடலின் கதை போர் மூண்ட 1983இல்தான் தொடங்குகிறது. 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியதுகூட இன்றைய பிள்ளைகளுக்குச் செவிவழிச் செய்தி. இலங்கைத் தமிழர் அந்நியராக வந்திறங்கவில்லை. தம் முன்னோர் பானையோடும் காசோடும் வந்துபோன கரைக்கே வந்தார்கள். இதை உணர்ந்தவர் எழுதும் திரைக்கதையில் அகதி வெறும் இரக்கத்துக்குரியவராக நிற்கமாட்டார்.

அழகன்குளத்தையும் மாந்தையையும் இரு நாட்டுத் தொல்லியலாரும் ஒரே திட்டமாக எடுத்து ஆராய வேண்டும். போரைப் படமாக்க விரும்பும் இளம் இயக்குநர்கள், தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்குக் கேமராவோடு போகுமுன் ஒருமுறை அழகன்குளம் அகழாய்வு மேட்டுக்குப் போய்வர வேண்டும்.